பிரஷரும் ஈறும்: மேலோட்டமான கிளீனிங் போதுமா, அடிவரை போகணுமா?

கோத்தகிரியில் கொழுந்து எடுக்கும் என் அம்மாவுக்கு ஆறு வருடமாகப் பிரஷர். போன மார்கழியில் கேரட்டைக் கடித்தவர் அதை உற்றுப் பார்த்தார். கடித்த இடத்தில் ரத்தக் கோடு. "பனிக்கு ஈறு வெடிச்சிருக்கும், விடு" என்றார். கீழ்வரிசையில் ஈறு வீங்கி, விரல் பட்டாலே கசிந்தது.

பல் டாக்டர் இரண்டு வழி சொன்னார். முதலாவது சாதாரண ஸ்கேலிங்: ஊசி கிடையாது, ஒரே நாளில் முடியும், வெளியே தெரியும் காரை போகும். இரண்டாவது, மரப்பு ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டுவது. இரண்டு மூன்று தடவை போகணும், அத்தனை நாள் கூலியும் போகும். அம்மா முதலாவதையே கேட்டார்.

நான் இரண்டாவதுக்குத்தான் பிடிவாதம் பிடித்தேன். போலந்தின் கிராகோவில் பிரஷரும் ஈறு நோயும் சேர்ந்திருந்த 101 பேரை வைத்து இதே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மாதத்தில், அடிவரை சிகிச்சை பெற்றவர்களின் பிரஷரில் மேல் அளவு மற்றவர்களைவிடச் சுமார் 11 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. ஒரு மாத்திரை செய்யும் வேலை அது! பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உண்டாகும் ஈறுப் பையில் தங்கும் கிருமியால் வரும் அழற்சி ரத்தக் குழாயின் உட்சுவரையும் கெடுக்கிறது என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இது சின்ன ஆய்வு. எல்லா ஆய்விலும் இவ்வளவு இறங்கவில்லை.

அதனால் மாத்திரையை நிறுத்தும் பேச்சே வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் அது வீட்டுக்கே வருகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அப்படி இருந்தால் மாத்திரை எழுதிய டாக்டரிடமே சொல்லுங்கள், அவர் மாற்றித் தருவார்.

மவுத் வாஷ்? குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மவுத் வாஷை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சரி. அப்புறமும் தினமும் கொப்பளித்தால், பிரஷரைத் தணிக்க உதவும் நாக்கின் நல்ல பாக்டீரியாவும் சாகும். அதற்கு இளஞ்சூட்டு நீரும் மென்மையான பிரஷும் மேல். மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் பல் கூசும் என்றுதான் பாதிப் பேர் அவசரமாகத் தேய்த்துவிட்டு ஓடுகிறோம்.

சுரண்டப் போகும் நாளில் பிரஷர் மாத்திரையை விடாதீர்கள், மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். மரப்பு ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். பிரஷர் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள்.