குவாங்சோ மெட்ரோ: வேலைக்குப் போன ஊரில் ஒரு சனி, ஞாயிறு

திருப்பூரிலிருந்து சீனாவின் குவாங்சோ போகிறவர்களுக்கு அந்த ஊர் என்றால் சோங்தா துணிச் சந்தைதான். ஜிப், பட்டன், லேஸ், எலாஸ்டிக், லேபிள் என்று கடை கடையாக ஏறி இறங்குவோம். இருட்டியதும் விடுதிக்கு வந்து சாம்பிளைப் பிரித்து அடுக்குவோம். அப்புறம் விமானம். இந்த முறை ஒரு கடையில் சாம்பிள் திங்கட்கிழமைதான் தயாராகும் என்று சொல்லிவிட்டார்கள். கூட வந்திருந்த டையிங் அண்ணனும் நானும் முதல் முறையாக ஊர் பார்க்கக் கிளம்பினோம்.

காரும் வழிகாட்டியும் வேண்டுமானால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று விடுதியில் ஒரு தொகை சொன்னார்கள். அந்தப் பணத்தில் நம் ஊரில் ஒரு டெய்லருக்கு ஒரு வாரக் கூலி கொடுத்துவிடலாம். அண்ணன் ‘மெட்ரோவுல போயிக்கலாம் வா’ என்று எழுந்துவிட்டார். நல்லதாகப் போயிற்று. இரண்டு நாளும் அந்த மெட்ரோதான் எங்களுக்குக் காரும் வழிகாட்டியும். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அந்த அரை எங்கே போனது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் காசு விஷயம். குறைந்த கட்டணம் 2 யுவான், முதல் 4 கிலோமீட்டருக்கு. யுவானுக்குச் சுமார் 12 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் சுற்ற ஒரு தடவைக்கு 3, 4 யுவானைத் தாண்டுவது அபூர்வம். அலிபே என்ற சீனப் பணம் கட்டும் செயலியில் போக்குவரத்துப் பகுதிக்குள் போய் குவாங்சோவைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கியூஆர் வரும். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதை ஊரிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைக்க வேண்டும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும். ஓடிபி நம் ஊர் நம்பருக்குத்தான் வரும் என்பதால் அந்த சிம்முக்கு ரோமிங் இருக்க வேண்டும். ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் கட்டினால் அலிபே 3 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும். மெட்ரோவில் அந்தக் கவலை இல்லை. கூகுள் மேப் அங்கே சும்மா பொம்மை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் மேப் ஒழுங்காக வேலை செய்கிறது.

போனை நம்பாத ஆளா? ஒவ்வொரு நிலையத்திலும் இயந்திரம் இருக்கிறது. ஆங்கிலம் என்று தட்டி, போகும் நிலையத்தைத் தொட்டு, காசைப் போட்டால் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் விழும். சென்னை மெட்ரோவில் முன்பு கொடுத்தார்களே, அதே வகை. உள்ளே போக அதைத் தொட்டுக் காட்டி, வெளியே வரும்போது துவாரத்தில் போட்டுவிட வேண்டும். அண்ணன் இரண்டு நாளும் டோக்கன்தான்.

எல்லா வாசலிலும் பையை ஸ்கேனரில் விட்டுத்தான் எடுக்க வேண்டும். என் பையில் ஒரு கிலோ உலோக பட்டனும், கட்டுக் கட்டாக ஜிப் ஸ்லைடரும் கிடந்தன. திரையில் கருகருவென்று தெரிந்திருக்கும் போல. அங்கே நின்ற பெண் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஒரு ஸ்லைடரை எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தார், சிரித்தார், போகச் சொன்னார்.

எங்களுக்கு வாய்த்தது 8ஆம் லைன். சோங்தா நிலையத்தில் ஏறினால் மாறாமலே பழைய நகரத்துக்குப் போய்விடலாம். கல்ச்சுரல் பார்க், ஹுவாலின் டெம்பிள், சென் கிளான் அகாடமி என்று மூன்று நிலையங்கள் வரிசையாக வரும். குவாங்சோவில் பார்க்க வேண்டியதில் பாதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது என் கணக்கு. ரயிலில் மாண்டரின், உள்ளூர்ப் பேச்சான கான்டனீஸ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் அறிவிப்பு வருவதால் தூங்கினாலும் இறங்கும் இடம் தப்பாது.

சனிக்கிழமை ஹுவாலின் கோயில். அது புரட்டாசிக் கடைசி சனி, அண்ணன் விரதம். பெருமாள் கோயில் இல்லாவிட்டால் என்ன, ஏதாவது கோயிலுக்குப் போவோம் என்றார். போனால், அது போதிதர்மர் கடல்வழியாக வந்து கரையேறிய இடம் என்று சொல்லப்படும் கோயில். கிபி 526, 527 வாக்கில் என்று சீன மரபு சொல்கிறது. அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் என்பதும் அவர்கள் மரபில் உண்டு. காஞ்சிபுரத்துக்காரர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அண்ணனுக்கு அது போதும். ‘நம்மாளுடா’ என்று செருப்பைக் கழற்றப் போனார். அங்கே யாரும் கழற்றுவதில்லை. உள்ளே ஐந்நூறு அருகர்கள் (ஞானம் அடைந்த புத்தத் துறவிகள்) மண்டபத்தில் சிலைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒருவர் காது குடைவார் போல, ஒருவர் கோபித்துக்கொண்டவர் போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். தொப்பி போட்ட ஒரு சிலையை மார்க்கோ போலோ என்று காட்டுகிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கோயிலைச் சுற்றியுள்ள சந்துகள் முழுக்க ஜேடு என்ற பச்சைக்கல் விற்கும் கடைகள். கல் தெரியாதவர்கள் கையை பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு சென் கிளானில் 1ஆம் லைனுக்கு மாறி கோங்யுவான்சியன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் தாஃபோ சி என்ற பெரிய புத்தர் கோயில், அதை ஒட்டி சைவ உணவகம். சீனத்துக் கோயில் சமையலில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. புரட்டாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? காளான், டோஃபு, ஏதோ ஒரு கீரை, சோறு. காரம் என்ற பேச்சே கிடையாது. அண்ணன் கொண்டுவந்திருந்த பருப்புப் பொடி டப்பா அப்போதுதான் வெளியே வந்தது. பக்கத்து மேசைப் பாட்டி ஒரு சிட்டிகை வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பக்கத்திலேயே பெய்ஜிங் ரோடு. கடைவீதி என்ற அளவில் நம் ஆட்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. நடுத்தெருவில் கண்ணாடி போட்டு மூடியிருக்கும் பள்ளத்தை மட்டும் நின்று பாருங்கள். 2002இல் தெருவைத் தோண்டியபோது, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட பதினொரு அடுக்குச் சாலை கிடைத்தது. அதன்மேல் ஜனம் பபிள் டீ குடித்துக்கொண்டே நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை 1ஆம் லைனில் சாங்ஷோ லு. இந்த லைன்தான் ஊரின் முதல் மெட்ரோ, 1997இல் ஓட ஆரம்பித்தது. பதினாறு நிலையம், 18.5 கிலோமீட்டர். புதிய லைன்களோடு பார்த்தால் நிலையங்கள் கொஞ்சம் பழசாகத் தெரிகின்றன. ஆனால் படி ஏறினால் நேரே பழைய ஊருக்குள் இருப்போம். கிலோமீட்டர் கணக்கில் நடக்க வைப்பதில்லை. எனக்குப் பிடித்த லைன் இதுதான்.

காலைத் தேநீருக்கு ஒரு பழைய கடையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததுமே தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம் ஏறிவிடும், அது அங்கே வழக்கம். முதலில் வரும் சூடான தேநீரைக் குடிக்கக் கூடாது. கிண்ணம், கரண்டி, குச்சி எல்லாவற்றையும் அதில் அலசி, பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் கொட்ட வேண்டும். எதிரே இருந்த பெரியவர் எங்களுக்கும் சேர்த்து அலசிக் காட்டினார். கெண்டியில் தண்ணீர் தீர்ந்தால் கூப்பிட வேண்டியதில்லை. மூடியைச் சாய்த்து வைத்தால் வந்து ஊற்றுவார்கள். யாராவது உங்களுக்கு ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் நன்றி.

சாப்பிட வேண்டியது சியோங் ஃபான். ஆப்ப மாவைவிட நீர்க்க இருக்கும் அரிசி மாவைத் தகர இழுப்பறையில் ஒரு கரண்டி ஊற்றி, முட்டையை உடைத்துப் பரப்பி, ஆவிப் பெட்டிக்குள் தள்ளுகிறார்கள். இரண்டு நிமிடம் ஆகாது. இழுத்து, தகட்டால் வழித்துச் சுருட்டி, மேலே இனிப்புக் கலந்த சோயா சாஸ். பன்றியும் மாடும் வேண்டாதவர்கள் முட்டை அல்லது இறால் கேட்டு வாங்கலாம். முள்ளங்கிக் கேக் என்று பார்த்து ஏமாறாதீர்கள், அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சி வத்தல் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் ‘பன்றி இல்லாமல்’ என்பதை எழுதி முன்பே சேமித்து வையுங்கள்.

அடுத்த நிலையம் ஹுவாங்ஷா. அங்கிருந்து சாலையைக் கடந்தால் ஷாமியான் தீவு. 1861 முதல் பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் பங்கு போட்டுக்கொண்டிருந்த சின்னத் தீவு. ஆலமரங்கள், தூண் வைத்த கட்டடங்கள், கல்யாண உடையில் போட்டோ எடுக்கும் ஜோடிகள். ஒரு மணி நேரம் போதும்.

எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் சென் குடும்ப மண்டபத்தை மட்டும் விடாதீர்கள். நுழைவுச்சீட்டு 10 யுவான், சென் கிளான் அகாடமி நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே கண்ணில் படும். குவாங்டோங் மாகாணத்துச் சென் குலத்தார் எல்லாரும் பணம் போட்டு 1894இல் கட்டி முடித்தது. கூரை முகட்டில் நாடகக் காட்சிகள், மனிதர்கள், பறவைகள் எல்லாம் வண்ணப் பீங்கானில். இப்போது அது நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம். உள்ளே கான்டன் (குவாங்சோவின் பழைய பெயர்) எம்பிராய்டரி இருக்கிறது. தொழில் அதுதான் என்பதால் அங்கே மட்டும் எங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை. ஒரு சேவல் வாலில் சிவப்பிலிருந்து பழுப்புக்கு நிறம் மாறும் இடத்தை அண்ணன் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தார். எங்கே ஒரு ஷேடு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று சாயப்பட்டறைக்காரராலேயே சொல்ல முடியவில்லை.

600 மீட்டர் உயரக் கான்டன் டவருக்கு மெட்ரோ நிலையமே இருக்கிறது. மேலே ஏற 150 யுவான் அளவில் ஆகும். நாங்கள் ஏறவில்லை. ராத்திரி ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் விளக்கு முழுக்க ஓசியில் தெரிகிறது.

சரி, அந்த அரை மதிப்பெண். மாறும் நிலையங்களில் நடை அதிகம். வயதானவர்களோடு போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். வெளிவழிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து உண்டு. சுவரில் இருக்கும் வரைபடத்தைப் பார்க்காமல் ஏறினால் பெரிய சாலையின் எதிர்ப்பக்கம் போய் நிற்போம். கழிப்பறைக்குள் கழுவத் தண்ணீர் இருக்காது, காகிதமும் இருக்கும் என்று நம்ப முடியாது. டிஷ்யூ பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் பையிலேயே இருக்கட்டும். ரயில்கள் இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும்.

அப்புறம் 3ஆம் லைன். விமான நிலையத்துக்குப் போவதும் அதுதான், கூட்டத்துக்குப் பேர்போனதும் அதுதான். 1ஆம் லைனும் அதுவும் சந்திக்கும் தியூ சிலு நிலையத்தில், வேலை நாள் மாலையில், இரண்டு பெட்டி சாம்பிளோடு ஏறலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். திங்கட்கிழமை நாங்கள் டாக்சியில்தான் போனோம்.