மான்ட்ரியல் குளிர்காலம்: பல வருடம் வாழ்ந்து பார்த்தவளின் அனுபவம்

மான்ட்ரியலில் படித்து, வேலை பார்த்து, குடும்பமும் நடத்திவிட்டு மொரீஷியஸுக்குத் திரும்பியிருக்கிறேன். காத்ர்போர்னில் எங்கள் தெருவிலேயே பிள்ளையை கியூபெக்குக்கு, அதாவது மான்ட்ரியல் இருக்கும் கனடிய மாகாணத்துக்கு, அனுப்பத் தயாராகும் வீடுகள் இருக்கின்றன. பிரெஞ்சு தெரியும், நல்ல படிப்பு, வேலை கிடைக்கும் என்கிறார்கள். எல்லாம் சரிதான். குளிரைப் பற்றிக் கேட்டால் மட்டும் "நல்ல ஜாக்கெட் ஒன்று வாங்கினால் போதும்" என்று ஆளாளுக்கு ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பதில் போதாது என்பதால்தான் எழுதுகிறேன்.

குளிர் என்ற ஒன்றைக் காசு கொடுத்து ஓரளவு சமாளிக்கலாம். கனமான கோட்டு, உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ், காதை மூடும் 'டுக்' தொப்பி, விரல் பிரியாத கையுறை எல்லாம் கடையில் கிடைக்கும். வீட்டுக்குள் 21 டிகிரி வைத்துக்கொள்ளலாம். இங்கே குளிர்காலமான ஜூலையில், மேட்டு ஊரான க்யூர்பிப்பில் ஹீட்டர் இல்லாத வீட்டில் போர்வைக்குள் நடுங்குகிறோமே, மான்ட்ரியலில் வீட்டுக்குள் அப்படி யாரும் நடுங்குவதில்லை. வெளியே மைனஸ் 20 இருக்கும் நாளில் மூச்சை இழுத்தால் மூக்கு மயிர் உறைந்து முள்ளாகக் குத்தும். போனை வெளியில் எடுத்தால் பேட்டரி சட்டென்று இறங்கி அணைந்துவிடும். காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் அளவு மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்து புண்ணாகலாம் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. மைனஸ் 40-ஐத் தாண்டினால் அதற்கு 10 நிமிடமே அதிகம். பயமாகத்தான் இருக்கும், ஆனால் பழகிவிடும். முதல் வருடத்திலேயே எனக்குப் பழகிவிட்டது.

பழகாதது அதன் நீளம்.

நமக்குப் புயல் தெரியும். எச்சரிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும். ஜன்னலை அடைத்து, மெழுகுவர்த்தி, ரொட்டி, டின் மீன் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு உள்ளே உட்காருவோம். ஓரிரு நாளில் காற்று போய்விடும், வெளியே வந்து மரக்கிளையை அள்ளுவோம். மான்ட்ரியல் குளிர்காலமும் அப்படி அடைந்து கிடக்கிற வாழ்க்கைதான், ஆனால் ஐந்து மாதம். நவம்பரில் முதல் பனி விழும்போது குழந்தைகளோடு நாமும் வெளியே ஓடுவோம். டிசம்பரில் விளக்கு அலங்காரம், விடுமுறை என்று நன்றாகவே போகும். ஜனவரியில் கடுங்குளிர், அதையும் தாங்கலாம். ஆளை உடைப்பது பிப்ரவரிக் கடைசியும் மார்ச்சும்தான். நாட்காட்டியில் வசந்தம் பிறந்திருக்கும். தெரு ஓரத்தில் மண்ணும் உப்பும் கலந்து கறுத்த பனிக்குவியல் அப்படியே இருக்கும். ஒருநாள் 8 டிகிரி காட்டி ஆசை காட்டும், மறுநாள் மறுபடி 15 சென்டிமீட்டர் பனி. அங்கேயே பிறந்தவர்கள்கூட மார்ச் மாதத்தில்தான் எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

2023 ஏப்ரல் தொடக்கத்தில், இனி முடிந்தது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், பனிமழை பெய்தது. அங்கே 'வெர்கிளா' என்பார்கள். மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டி உறைகுளிர். இடையில் விழும் மழைத்துளி மரத்திலும் மின்கம்பியிலும் பட்ட கணமே கண்ணாடியாக உறையும். அந்தப் பாரத்தில் கிளைகள் முறிந்து கம்பிகள் அறுந்து, மாகாணத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரத்தில்தான் சூடு. கரண்ட் போனால் விளக்கு மட்டுமல்ல, வீட்டுச் சூடும் போய்விடும். 1998 ஜனவரியில் இதே பனிமழையால் 30 லட்சம் பேருக்கு மேல் இருட்டில் கிடந்தார்கள். சில இடங்களில் வாரக்கணக்கில். அதை அனுபவித்த பெரியவர்கள் இன்றும் வருடம் சொல்லித்தான் பேசுவார்கள்.

அப்புறம் இருட்டு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். முந்தின நாள்வரை ஆறு மணி வாக்கில் இருட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். டிசம்பரில் நாலே கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இங்கே ஜூன் மாதத்தில்கூட ஐந்தரைக்கு மேல்தான் மறைகிறது. அலுவலகத்தில் என் மேஜை ஜன்னலிலிருந்து தள்ளி இருந்தது. வாரநாளில் நான் வெயிலைப் பார்ப்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். தூக்கம் கூடும், மாவுப் பண்டத்தின் மேல் ஆசை கூடும், யாரையும் பார்க்கப் பிடிக்காது. இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தால், அங்கே குளிர்காலத்தில் தன் உற்சாகம் குறைவதைக் கவனித்தார். 1984-இல் தன் சகாக்களுடன் சேர்ந்து இந்தப் பருவகால மனச்சோர்வை மருத்துவ உலகத்துக்கு விவரித்தார். நம்மைப் போலத் தெற்கிலிருந்து போனவர் கண்ணில்தான் அது பட்டது. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் உட்காருவது எனக்கு நிஜமாகவே உதவியது. கண் நோயோ வேறு மனநலச் சிக்கலோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். வைட்டமின் டி விஷயமும் அப்படித்தான்: அந்த அட்சரேகையில் குளிர்காலச் சூரியனால் தோலில் அது உருவாவது மிகக் குறைவு, நம் நிறத் தோலுக்கு இன்னும் குறைவு. பையில் ஊறுகாய் வைக்கும் அம்மாக்கள் இதையும் மகளிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

வீட்டுக்குள் வரும் தொல்லை வறட்சி. வெளியிலிருந்து வரும் உறைகாற்றில் ஈரமே இருக்காது, அதைச் சூடாக்கினால் இன்னும் காய்ந்துவிடும். காலையில் மூக்கில் ரத்தம், குதிகாலில் வெடிப்பு. கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் அடிக்கும். கையில் கட்டை விரல் நுனி பிளந்திருந்தால் வெங்காயம் உரிக்கும்போது உயிர் போய்விடும். ஈரப்பதம் தரும் கருவி ஒன்று படுக்கையறையில் கட்டாயம் வேண்டும்.

தெருவில் பயப்பட வேண்டியது பனியைவிட அதன் கீழிருக்கும் ஐஸ்தான். பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்து, கறுப்புத் தாரின் மேல் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். எங்கள் மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா, கனடாவில் எனக்கு முன்பே வந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தவர், குப்பைப் பையை வைக்க வாசலுக்குப் போய் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அம்மா அப்பாவை டிசம்பரில் அழைக்க ஆசை வரும், வேண்டாம். என் அம்மா வந்த வருடம் ஜன்னல் வழியாகத்தான் மான்ட்ரியலைப் பார்த்தார். ஐஸ் கரைய நடைபாதையில் உப்புக் கொட்டுவார்கள். அது பூட்ஸில் ஏறிக் காய்ந்து அலை அலையாக வெள்ளைக் கோடு விடும், விட்டுவைத்தால் தோலே வெடித்துவிடும். பாதி வினிகர், பாதி தண்ணீரில் துணியை நனைத்து அன்றன்றைக்குத் துடைத்தால் போகும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார் வைத்திருந்தால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றுக் கூலி. தெருவில் நிறுத்தினால் பனி அள்ளும் நாளில் சைரன் சத்தம் கேட்டு நடுராத்திரி எழுந்து வண்டியை நகர்த்த வேண்டும்.

எனக்கு அதிகம் வலித்தது இவை எதுவும் இல்லை, தைப்பூசம்தான். இங்கே அது அரசு விடுமுறை. சுடும் தாரில் வெறுங்காலோடு காவடி தூக்கிப் போய், திரும்பி வந்து வாழையிலையில் ஏழு கறியோடு உட்காருவோம். அங்கே அது ஆண்டின் மிகக் குளிரான வாரங்களில் வரும், சாதாரண வேலை நாளில். மான்ட்ரியல் புறநகரான டோலார்-தெ-ஓர்மோவில் ஈழத்தமிழர்கள் கட்டிய முருகன் கோயில் இருக்கிறது, போவேன். வாசலில் ஈரம் சொட்டும் பூட்ஸ் மலைபோலக் குவிந்திருக்கும், உள்ளே போனால் கற்பூர வாசனையில் மனசு நிறையும். ஆனால் வெறுங்காலோடு தெருவில் நடந்து அரோகரா சொல்வது அங்கே நடக்காத காரியம். திரும்பி வந்து வீட்டுக்குப் போன் செய்யலாம் என்றால், குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் ஒன்பது மணி நேர வித்தியாசம். மாலை ஐந்துக்கு வேலை முடிந்து இருட்டில் தனியாக வரும்போது இங்கே அதிகாலை இரண்டு மணி. பேச்சுத் துணை அதிகம் தேவைப்படும் நேரத்தில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காலை ஏழு மணிக்குக் காப்பியோடு அழைத்துப் பேசுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். இங்கே அப்போது மாலை நாலு மணி.

பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு: ஜனவரி சேர்க்கையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்து, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் பருவத்துக்கு அனுப்புங்கள். வெளிச்சம் இருக்கும்போதே தெருவும் நண்பர்களும் பழகிவிடும். குளிர்காலக் கோட்டு இங்கே வாங்காதீர்கள், அங்கே அக்டோபரில் வாங்கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் 'ஷோஃபே' என்று, அதாவது சூடும் வாடகையில் சேர்த்தி என்று, எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் சூட்டை வைப்பது யார் கையில் என்றும் கேளுங்கள். நான் முதலில் இருந்த வீட்டில் அந்தக் குமிழ் வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்த பெட்டிக்குள் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் சமையலறையில் அடுப்புப் பக்கமாக உட்கார்ந்துதான் படித்தேன்.