தாளிக்காத சாம்பார், நூறு பாதாம், நாலு டீஸ்பூன் எண்ணெய்: எடை குறைக்க எந்தத் தட்டு?

தங்கை எடை குறைக்க ஆரம்பித்த அன்று எங்கள் வீட்டு எண்ணெய்த் தூக்கு பரணுக்குப் போனது. தாளிக்காத சாம்பார், எண்ணெய் படாத சப்பாத்தி என்று மூன்று மாதம் இருந்தாள். எட்டு கிலோ இறங்கியது. தலை வாரினால் சீப்பு நிறைய முடியும் வந்தது, மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனது. அவளுக்காகத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் எடை குறைக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒரு வழியில் போகிறார்கள்: எண்ணெய் தொடாத அரைப்பட்டினி, சோறு, இட்லி போன்ற மாவுச்சத்தை விட்டுக் கொழுப்பைக் கூட்டி, நூறு பாதாமில் நாளைத் தொடங்கும் பேலியோ, அல்லது வழக்கமான சாப்பாட்டிலேயே சோற்றைக் குறைத்து எண்ணெயை அளந்து ஊற்றுவது.

எண்ணெய் மீது ஏன் முதலில் கை வைக்கிறோம் என்பது புரிகிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. கண்ணளவில் ஊற்றினால் ஒரு பொரியலிலேயே நூறு, நூற்றைம்பது போய்விடும்.

ஆனால் தங்கையின் தட்டைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதமும் ரசமும் வேகவைத்த காயும், இரவு இரண்டு சப்பாத்தி. எல்லாம் சேர்ந்து 800, 900 கலோரிதான். கொழுப்பு பத்து கிராமை ஒட்டி. மருத்துவர் பார்வையில்லாமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே போகவேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. உணவின் மொத்தக் கலோரியில் குறைந்தது 15 சதவீதமாவது கொழுப்பிலிருந்து வரவேண்டும், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு 20 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. 1,500 கலோரி சாப்பிடும் பெண்ணுக்கு அது 33 கிராம். அவளுக்குக் கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு.

அந்தக் குறை எங்கெங்கோ போய்த் தைக்கிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். முருங்கைக்கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிட்டால் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறவேண்டிய பீட்டா கரோட்டின் பெரும்பகுதி வீண். பித்தப்பையும் கொழுப்பு வந்தால்தான் நன்றாகச் சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும். கொழுப்பும் இல்லை, எடையும் வேகமாக இறங்குகிறது என்றால் பித்தநீர் தேங்கிக் கல்லாக வாய்ப்பு கூடுகிறது.

அப்புறம் மனசு. 1944, 45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். நாளைக்கு ஏறத்தாழ 1,570 கலோரி, ஆறு மாதம், கூடவே தினமும் நடை. உடல் எடையில் கால்வாசி போனது. குளிர் தாங்கவில்லை, எரிச்சல், சோர்வு. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படிக்கும் அளவுக்கு. என் தங்கை சாப்பிட்டது அவர்களைவிடவும் குறைவு. அவளிடம் மனவுறுதி இல்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னோமே, அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

பேலியோ இதற்கு நேர் எதிர். நூறு பாதாம் என்றால் சுமார் 120 கிராம். 700 கலோரி, 60 கிராம் கொழுப்பு, 25 கிராம் புரதம். மதியம்வரை பசிக்காது. சோறு, இட்லி, சர்க்கரை போய்விடுவதால் பலருக்கு ரத்தச் சர்க்கரையும் இறங்குகிறது. பட்டினித் தட்டைவிட இது எவ்வளவோ மேல் என்றே நினைக்கிறேன். இதிலும் கவலைகள் உண்டு. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் என்று நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) கூடினால் சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். நன்றாகவே ஏறும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது. செலவு தனி: ஒருவருக்கே மாதம் மூன்றரை கிலோ பாதாம். துவரை, உளுந்து போலப் பயறு வகை என்பதால் மலிவான வேர்க்கடலைக்கு அங்கே இடமில்லை.

கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். 2018ல் முடிவு வந்தது: கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ இறங்கியது. பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் காய்கறி நிறையச் சாப்பிடச் சொன்னார்கள், யாரையும் பட்டினி போடவில்லை.

அதனால் நான் மூன்றாவது தட்டின் பக்கம். இப்போது சாப்பிடுவதில் தினம் 500 கலோரி குறைத்தால் போதும், வாரம் அரைக் கிலோ அளவில் இறங்கும். சோறு பாதி, காய் இரட்டிப்பு, சர்க்கரையும் பலகாரமும் கிட்டத்தட்ட நிறுத்தம். எண்ணெய் நாளைக்கு நாலு டீஸ்பூன். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 30 கிராமில் 170 கலோரி, 7 கிராமுக்கு மேல் புரதம். வாரம் இரண்டு நாள் மத்தி அல்லது காணாங்கெளுத்தி. ஒமேகா 3 கொழுப்புக்கு இது மலிவான வழி. சைவர்கள் ஆளி விதையைப் பொடித்து மோரில் கலக்கலாம், மீனுக்கு முழு ஈடாகாது என்றாலும்.

சரி, எந்த எண்ணெய்? கலோரியில் எல்லாம் ஒன்றுதான். செக்கில் ஆட்டியதாலும் அது குறையாது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். நெய்யில் 60 சதவீதத்துக்கு மேல், தேங்காய் எண்ணெயில் 80ஐத் தாண்டும். எனவே தினச் சமையலுக்கு முதல் இரண்டும், பருப்புசாதத்துக்கு வாசனைக்கு அரை டீஸ்பூன் நெய்யும். ஆலிவ் எண்ணெய்க்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு வேளையும் ஸ்பூனால் அளப்பது அலுப்பாக இருந்தால் மாதக் கணக்காகப் பாருங்கள். ஒருவருக்கு 600 மில்லி, நாலு பேர் வீட்டுக்கு இரண்டரை லிட்டருக்குள். எங்கள் வீட்டில் அதுவரை ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது மாதம் பிறந்ததும் இரண்டரை லிட்டரைத் தூக்கில் ஊற்றி அடுப்பு மேடையிலேயே வைத்துவிடுகிறோம். தங்கைதான் தாளிக்கிறாள்.