முற்றத்துத் தொட்டிக்கு அல்லியா, தாமரையா?

காரைக்குடி வெயிலில் ஆனி, ஆடியில் பூக்க எதை வைக்கலாம் என்று குழம்புகிறவர்களுக்கு, இரண்டையும் வளர்த்துப் பார்த்ததில் தெரிந்தது இது.

வெயில்: தாமரைக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், நம் வளவு (வீட்டின் நடுக்கட்டு) முற்றத்திலோ உச்சிப்பொழுதில்தான் வெயில் இறங்கும். அல்லி 4 மணி நேரத்திலேயே ஓரளவு பூத்துவிடும்.

தொட்டி: தாமரைக்கு அகலமான வட்டத் தொட்டி, ஏனென்றால் கிழங்கு சுற்றிச் சுற்றி ஓடும், சதுரத்தில் வைத்தால் மூலையில் முட்டி நின்றுவிடும் (எனக்கு ஒன்று அப்படித்தான் அழுகிப்போனது). அல்லிக்குப் பழைய பிளாஸ்டிக் அண்டாவே போதும்.

பூ: தாமரை காலையில் விரியும். செவ்வல்லி இருட்டியபின் விரிந்து, மறுநாள் முற்பகலில் குவியும்.

கொசு: இரண்டுக்கும் நாலு கப்பி மீன், அவ்வளவுதான்.

மொட்டைமாடி இருந்தால் தாமரை. முற்றம் மட்டும்தான் என்றால் அல்லி, அதிலும் ராத்திரி வீடு திரும்புகிறவர்களுக்குச் செவ்வல்லிதான் சரி.