விலைக்கு உறுதியா, அளவுக்குக் கட்டாயமா? ஜெர்மனியும் பிரிட்டனும்

காற்றாலையும் சோலாரும் பெருக வேண்டும் என்று இரண்டு நாடுகளுமே சட்டம் போட்டன. ஜெர்மனி விலையை நிர்ணயித்தது. பிரிட்டன் அளவை நிர்ணயித்தது.

ஜெர்மனியின் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒரு விவசாயியின் இடத்திலிருந்து பார்க்கலாம். மாட்டுக் கொட்டகைக் கூரையில் சோலார் போட நினைக்கிறார். யூனிட்டுக்கு 99 ஃபெனிக், அதாவது ஏறக்குறைய அரை யூரோ, 20 வருடத்துக்கு மாறாமல் கிடைக்கும். மின்சாரத்தை வாங்க மாட்டேன் என்று சொல்ல கிரிட் நிறுவனத்துக்கு உரிமை இல்லை. அவர் கடன் கேட்டு உள்ளூர் வங்கிக்குப் போனால், மேலாளர் பார்க்க வேண்டியது வெயில் கணக்கை மட்டும்தான். வருமானத்துக்குச் சட்டமே ஜாமீன்.

பிரிட்டனில் 2002 முதல், மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் குறிப்பிட்ட பங்கைப் பசுமை மின்சாரமாகக் காட்ட வேண்டும். முதல் ஆண்டில் 3 சதவீதம். 1,000 யூனிட் பசுமை மின்சாரம் தயாரிப்பவருக்கு ஒரு சான்றிதழ்; அதை விற்பனை நிறுவனங்கள் அவரிடம் விலைக்கு வாங்கிக் காட்டும். குறைந்தால் அதே 1,000 யூனிட்டுக்கு அப்போது 30 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. அப்படிச் சேரும் பணம், சான்றிதழ் காட்டியவர்களுக்கே பிரித்துத் தரப்படும். கோளாறு இங்கேதான். இலக்கு தவறும்வரை சான்றிதழுக்கு நல்ல விலை; எல்லோரும் எட்டிவிட்டால் விலை சரிந்துவிடும். இதை நம்பி ஒரு சிறு விவசாயி எப்படிக் கடன் வாங்குவார்? பெரிய நிறுவனங்கள்தான் தாக்குப்பிடித்தன. அதோடு 2009 வரை எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் ஒரே சான்றிதழ் என்பதால், செலவு அதிகமான சோலார் பக்கம் யாரும் திரும்பவில்லை.

போட்டி இருந்தால் செலவு குறையும் என்பது பிரிட்டனின் வாதம். அது பலிக்கவில்லை. ஜெர்மனியைவிட நல்ல காற்று வீசும் நாட்டில், ஒரு யூனிட் காற்றாலை மின்சாரத்துக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. 2010-இல் ஜெர்மனியின் மின்சாரத்தில் சுமார் 17 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது, பிரிட்டனில் 7.

என் ஓட்டு ஜெர்மனிக்குத்தான். ஆனால் அங்கும் ஒரு அநியாயம் நடந்தது. இந்த உறுதி விலைக்கான பணத்தைத் திரட்ட வீட்டு பில்லில் போட்ட கூடுதல் கட்டணம், 2017-இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரை ஏறியது. மின்சாரத்தை வாரி இழுக்கும் பெரிய ஆலைகளுக்கோ பெருமளவு விலக்கு. சாதாரணக் குடும்பங்கள் சுமந்த அந்தப் பாரம் 2022 ஜூலையில்தான் நீங்கியது.

அப்புறம் பிரிட்டனும் வழிக்கு வந்தது. 2010-இல் சிறு உற்பத்தியாளர்களுக்கு நிலையான விலை. 2013 சட்டத்தில் பெரிய திட்டங்களுக்கு ஏலத்தில் முடிவாகும் விலை, 15 வருட உறுதியோடு. ஜெர்மனியும் 2017-இல் பெரிய திட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுபோனது. கொட்டகைக் கூரை மாதிரியான சிறு சோலாருக்கு மட்டும் பழையபடி 20 வருட விலையை விட்டுவைத்தது.