மேக்ஸியின் எண்கள்: நூல் பார்த்த கண்ணுக்கு

அன்னூர் பக்கம் ஒரு நூற்பாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்குப் பதினெட்டு ஆண்டுகளாக வேலை. இரண்டு தகடுகளுக்கு நடுவே நூல் ஓடும். அதன் தடிமன் ஏறி இறங்குவதை இயந்திரம் கோடாக வரையும். அந்தக் கோட்டைப் பார்த்தே எந்த உருளையில் பழுது என்று சொல்லிவிடுவோம். இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஒரு காலையில், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு வரைபடத்தை நீட்டினாள். எந்த மில் நூல் என்று கேட்டேன். "நூல் இல்லைங்கப்பா, கருந்துளை" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக மேக்ஸியின் எண்களைப் பார்த்து வருகிறேன். மேக்ஸி, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஜப்பானின் கிபோ கூடத்துக்கு வெளியே 2009 முதல் பொருத்தப்பட்டிருக்கும் எக்ஸ் கதிர்க் கருவி. நிலையம் 92 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும்போது, கருவியும் வானத்தின் பெரும்பகுதியைத் துழாவிவிடுகிறது. திடீரென்று பொங்கிச் சில மாதங்களில் அடங்கும் மூலங்களை, அதாவது எக்ஸ் கதிர் வீசும் விண்பொருள்களை, பிடிப்பதில் இது கெட்டி. அளந்த எண்கள் எல்லோருக்கும் இலவசம்.

நாங்கள் எடுத்தது மேக்ஸி ஜே1820+070. சுமார் 10,000 ஒளியாண்டு தொலைவில், பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்து விழுங்கும் கருந்துளை. 2018 மார்ச் 11 அன்று மேக்ஸி இதைக் கண்டது. பட்டியலில் நாள் ஐந்து இலக்க எண்ணாக இருக்கும். 58306 என்றால் 2018 ஜூலை 7. பக்கத்தில் 2–4, 4–10, 10–20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று மூன்று ஆற்றல் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் பிழை அளவு. பிழையையும் சேர்த்துக் கொடுப்பவர்களை நம்பலாம் என்பது என் தொழில் அனுபவம்.

10–20 பட்டையின் எண்ணை 2–4 பட்டையின் எண்ணால் வகுத்து, நாள்வாரியாகப் புள்ளி வைத்தோம். மார்ச் முதல் ஜூன் வரை வன்கதிர்தான், அதாவது ஆற்றல் கூடிய எக்ஸ் கதிர்தான், ஓங்கி நிற்கிறது. ஜூலை முதல் வாரத்தில் விகிதம் சரிகிறது, ஆற்றல் குறைந்த மென்கதிர் மேலே வருகிறது. அதே நாட்களில்தான் கருந்துளை இரண்டு பக்கமும் தாரையை, அதாவது அதிவேகமாகப் பாயும் பொருளை, பீய்ச்சியது என்று ரேடியோ தொலைநோக்கிகள் காட்டின. எனக்குப் புல்லரித்தது.

தாரையையே பார்க்க வேண்டுமென்றால் மேக்ஸி போதாது. இதன் பார்வை அவ்வளவு கூர்மையானதல்ல. அதற்குச் சந்திரா வேண்டும், நம் சுப்ரமணியன் சந்திரசேகர் பெயரைத் தாங்கிய, விண்வெளியில் இருக்கும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. 2018 நவம்பரிலிருந்து 2019 ஜூன் வரை நான்கு முறை படமெடுத்து, அந்தத் தாரைகள் விலகி ஓடுவதைக் காட்டியது. வடக்குத் தாரை ஒளிவேகத்தில் 60 சதவீதம், தெற்குத் தாரை 160 சதவீதம் என்று தெரிகிறது. உண்மையில் இரண்டும் ஒரே வேகம்தான். தெற்குத் தாரை நம்மை நோக்கி வருவதால் ஒளியையே மிஞ்சுவதுபோல் தோன்றுகிறது. இதை மகளுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

சில நாட்களில் மூலம் மேக்ஸியின் பார்வைக்குள் வராது. பட்டியலில் அந்த நாட்களே இருக்காது. மகள் அந்த இடைவெளியில் பென்சிலால் கோடு இழுத்தாள். "நூல் அறுந்த இடம் கண்ணு அது, அப்படியே விடு" என்றேன். அழித்துவிட்டாள்.

பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தரும் யாரும் இந்தப் பட்டியலைத் தயங்காமல் திறக்கலாம். விகிதம் போடத் தெரிந்தால் போதும். நாங்கள் அடுத்து ஜிஆர்எஸ் 1915+105 என்ற இன்னொரு கருந்துளையை எடுத்திருக்கிறோம். வரைபடத்தாள் இரண்டு கட்டு வாங்கியாயிற்று.