களப்பணியா, பெருந்தரவா: சமூகவியல் எதை நம்பி நடக்க வேண்டும்?

காசிமேட்டு மீன் வியாபாரப் பெண்களின் கடன் உறவுகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, துறைமுகத்திலும் சந்தையிலும் அவர்களோடு இருந்து கேட்டறிவது. மற்றொன்று, கைபேசிப் பணப்பரிமாற்றமும் சமூக ஊடகப் பதிவுகளும் விட்டுச்செல்லும் தரவுகளை, அதாவது பெருந்தரவை, கணினியால் அலசுவது. நான் களப்பணியைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

வேகத்திலும் பரப்பிலும் தரவே முந்தும். அதில் வாதிட ஒன்றுமில்லை. இத்தகைய தரவின் முன் மாதிரிக் கணக்கெடுப்பும் ஆழ்நேர்காணலும் செல்வாக்கை இழக்கும் என்று பிரிட்டிஷ் சமூகவியலாளர்கள் மைக் சாவேஜும் ரோஜர் பர்ரோஸும் 2007இலேயே எச்சரித்தார்கள்.

ஆயினும் எனக்கு முடிவைத் தந்தது, ஆய்வுக்கான மூலத்தரவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்விதான். 2023இல் ட்விட்டர் தன் தரவுக்கான இலவச அணுகலை நிறுத்தியது. 2024 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, சமூக ஊடகப் பதிவுகளின் பரவலைக் கண்காணிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்திவந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மூடியது. அவற்றை நம்பி எழுதப்பட்ட முடிவுகளை இன்னொருவர் அதே வழியில் சரிபார்ப்பது அதன்பின் மிகக் கடினமாகிவிட்டது. இந்தியச் சமூகவியலாளர் எம். என். சீனிவாசுக்கு நேர்ந்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்: கர்நாடகத்தின் ராம்புரா கிராமத்தைப் பற்றி அவர் தொகுத்துச் சீரமைத்திருந்த களக்குறிப்புகள் 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையாயின, அவர் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி 1976இல் நூலாக வெளியிட்டார். அந்தக் குறிப்புகள் அழிந்தாலும், ஊரில் வாழ்ந்து பெற்ற புரிதல் அவரிடம் இருந்தது. சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்க் கேட்க ஊரும் இருந்தது.

திரும்பிப் போய்க் கேட்டதால்தான் எனக்கும் ஒன்று விளங்கியது. கூடை வைத்து விற்கும் அக்காவின் க்யூஆர் அட்டை மகனின் வங்கிக் கணக்கைச் சேர்ந்தது. தரவை மட்டும் பார்ப்பவருக்கு அந்த மகனே வியாபாரி. ஏலத்தில் கடன் சொல்லி மீன் எடுத்து, மாலையில் தண்டல்காரருக்குப் பதில் சொல்லும் பெண் அதில் இல்லவே இல்லை. யாரை வியாபாரி என்று எண்ணுவது என்பதிலேயே பிழை நேர்ந்தால், அதன்மேல் எழும் கோட்பாடு எத்தனை லட்சம் பதிவுகளைச் சேர்த்தாலும் திருந்தாது.

பெருந்தரவில் என் பழக்கம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். நகரம் முழுவதும் சாதிவாரியாகக் குடியிருப்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது போன்ற கேள்விக்கு ஒரு கரையோரக் களப்பணி விடை தராது. இரண்டையும் இணைத்த ஆய்வை நான் இன்னும் செய்ததில்லை. செய்வதானால், யாரை எதில் சேர்ப்பது என்பதைக் களத்தில் உறுதிசெய்துகொண்ட பின்னரே தரவுக்குப் போவேன்.